எருமை முதுகில் ஒரு நிலத் திட்டம்

வெயிலில் அசைபோட்டபடி படுத்திருந்த எருமையின் முதுகில் ஒரு கொக்கும் மைனாவும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இரண்டும் அந்த முதுகுக்கு நிலப் பயன்பாட்டுத் திட்டம் போட வந்தவை.

"எங்கே உண்ணி இருக்கு, எங்கே சேறு காஞ்சிருக்குன்னு முதல்ல அளக்கணும். அப்புறம்தான் மண்டலம் பிரிக்கணும்" என்றது கொக்கு.

"நீ அளந்து முடிக்கறதுக்குள்ள மாடே செத்துப்போயிடும். என் முறையில முடிவுதான் முதல்ல. கொம்புல குடியிருப்பு, கழுத்துல கடைத்தெரு" என்றது மைனா.

முதுகைச் சொறிந்துவிட்டால் போதும், என்னவோ பேசிக்கொள்ளட்டும் என்று எருமை கண்ணை மூடிக்கொண்டது.

"சரி, வால் பக்கம்?" என்று கேட்டது கொக்கு.

"அது புறம்போக்கு."

"என் முறைப்படியும் அது புறம்போக்குதான்" என்றது கொக்கு. அன்றைக்கு முதன்முதலாக இரண்டும் ஒத்துப்போயின.

எருமை அசைபோடுவதை நிறுத்தியது.

"யாரைப் பார்த்துடா புறம்போக்குன்னீங்க?"

விருட்டென்று எழுந்து, நேரே குளத்தில் இறங்கி, மூக்கும் கொம்பும் மட்டும் தெரிய அமிழ்ந்தது. பறவைகள் இரண்டும் அலறியடித்துக்கொண்டு மேலே எழும்பின.

"உன் முறையில வெள்ளம் எத்தனையாவது கட்டத்துல வரும்?" என்று மைனா கொக்கிடம் கத்தியது.

கொக்கு வாய் திறக்குமுன் எருமை சொன்னது: "புறம்போக்கு தண்ணிக்கு அடியில இருக்கு. ரெண்டு பேரும் முங்கி வந்து அளந்துக்கோங்க."