நிஷா வீட்டு மேக்கப் அலமாரி

எதிர்வீட்டு நிஷாவின் மேக்கப் அலமாரியைப் பார்த்ததும் சரசாவுக்கு வயிறு எரிந்தது. லிப்ஸ்டிக்குகள் நிறவாரியாக நின்றன. சீக்கிரம் காலாவதியாகும் க்ரீம்களுக்கு முன்வரிசை. சரசாவுடையவையெல்லாம் பழைய பிஸ்கட் டப்பாவில் உருண்டுகொண்டிருந்தன.

"இன்னாடி, கடை மாதிரி கீது? உன் ஊட்டுக்காரர் அடுக்கினாரா?"

"அவரு சாக்ஸையே என்னாண்ட கேப்பாருக்கா. அவரோட ஆவடி ஃபேக்டரில வேலை பாக்குற ஒருத்தரு, ஞாயித்துக்கெழமை வந்து அடுக்கிக் குடுத்தாரு."

சரசா பெருமூச்சு விட்டாள். "அந்தாளு பொண்டாட்டி குடுத்து வெச்சவ. எனக்கும் வாச்சுதே ஒண்ணு, குடிச்ச டம்ளரைக்கூட நகத்தாது."

நிஷா நெளிந்தாள்.

"மனசு கேக்கலக்கா. அந்தக் குடுத்து வெச்சவ நீங்கதான். ஃபேக்டரி ஸ்டோர்ல சாமான் அடுக்குறதுதானே அண்ணனுக்கு வேலை? நீங்க அம்மா ஊட்டுக்குப் போயிருந்தப்ப வந்தாரு. தெரிஞ்சா உங்க ஊட்லயும் அடுக்கச் சொல்லுவீங்களாம், சொல்லாதேன்னாரு."