ரோலர் ரூம் பாஷை

“ஜோதிமணி, பின்லாந்துல இருந்து ஒரு காலேஜ் பொண்ணு வருது. ரெண்டு மாசம் நம்ம பாஷையைக் கத்துக்கப் போகுதாம். நீ பாத்துக்க” என்றார் மானேஜர் ஏகநாதன்.

“ஏனுங்க சார், ரோலர் ஓடறப்ப பக்கத்துல நின்னு கத்தினாலே கேக்காதுங்க. இங்க என்னத்தைக் கத்துக்கறது?”

“நீங்கெல்லாம் கையிலயே பேசிக்கறீங்களே, அதைத்தான்! இதுக்காக நாலு நாட்டு மில்லு சுத்திட்டு வருதாம்.”

கட்டபெட்டு தேயிலை ஃபேக்டரியில், இலை உருட்டும் ரோலர்களின் இரைச்சலுக்குள் நோட்டோடு வந்து நின்றாள் ஹெல்மி. காதருகே விரலைச் சுழற்றினால் ‘மெஷின் ஓடுது, கேக்கல’. ஜோதிமணி காட்டிய முதல் சைகை அது. மீசையை முறுக்கினால் ‘மானேஜர் வர்றார்’.

மதியத்துக்குள் ஹெல்மிக்கு நாற்பது சைகை வந்துவிட்டது. காலையில் காட்டெருமை பஸ்ஸை மறித்த கதையை அவள் கையாலேயே சொல்ல, மொத்த ரோலர் ரூமும் வேலையை மறந்து பார்த்தது. எட்டு வருஷமாக இங்கேயே கிடக்கும் ஜோதிமணிக்கே அந்த வேகம் வராது.

சாப்பாட்டு நேரம். மெஷின்கள் நின்றன.

“ஹெல்மி, சாப்பிடப் போலாங்களா?”

நோட்டில் எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை.

“ஹெல்மி!”

ஊஹூம். ‘பேர் சொல்லிக் கூப்பிட்டாக்கூடவா?’ முகம் சுண்டிப்போய், கிட்ட வந்து தோளைத் தொட்டாள் ஜோதிமணி.

ஹெல்மி திரும்பிச் சிரித்தாள். காதருகே விரலைச் சுழற்றினாள். பிறகு, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் இரு கைகளையும் ஆட்டினாள்: பிறந்ததிலிருந்தே.

 அந்த நிசப்தத்தில், வாயைத் திறக்காமல், கையால் கேட்டாள் ஜோதிமணி: ‘சாப்பிடலாமா?’