அடங்காத கை

"சார், அந்தக் கையைக் கொஞ்சம் மடியில வச்சுக்குங்க. பின் வரிசையில புரொபசர் உட்கார்ந்திருக்கார்!"

அசோகன் உதடு அசையாமல் கெஞ்சினான். சுந்தரராஜன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மேடையில் வயலின்கள் வசந்தத்தை வரவேற்றுக்கொண்டிருந்தன. நாற்காலியின் மரக் கைப்பிடியில் அவருடைய விரல்கள் கூடவே தாளம் போட்டன. மோதிரம் வேறு டக், டக் என்று ஒத்து ஊதியது.

1971, ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஒரு மண்டபத்தில் காலைக் கச்சேரி. இருநூற்றைம்பது வருஷத்துப் பழைய இத்தாலிய இசை. இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்கிற சபை.

"உஷ்!"

புரொபசரின் குரலேதான். அசோகனுக்கும், ஆறு மாதப் பயிற்சிக்காக அதே ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்த சுந்தரராஜனுக்கும் டிக்கெட் கொடுத்ததே அவர்தான். அவனுடைய ஆராய்ச்சியை இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கும் கடிதத்தில் நாளைக் காலை அவர் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால், பாதி ஆராய்ச்சியோடு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

நல்லவேளையாக, சுந்தரராஜன் கையை நிறுத்தினார்.

உடனே, அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வெள்ளைமுடி அம்மாள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். நெற்றிக்கண் திறந்து மன்மதனைப் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்திருக்கும் என்று அசோகனுக்குத் தோன்றியது. வெட்கம் தாங்காமல் தலையைக் குனிந்துகொண்டான்.

நிமிர்ந்தால், டக், டக். மறுபடியும் விரல்கள்! அந்த அம்மாளோ அதே கைப்பிடியின் நுனியை இறுகப் பற்றியிருந்தாள். எவ்வளவு கோபம் இருந்தால் இப்படிப் பிடிப்பாள்!

இடைவேளையில் சீருடை அணிந்த மண்டபக் காவலர் வந்தார். "இன்னொரு முறை சத்தம் வந்தால் வெளியே போக வேண்டியிருக்கும்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனார்.

அசோகன் அந்த அம்மாளின் பின்பக்கமாகச் சென்று, பணிவாக மன்னிப்புக் கேட்டான். அவள் நிகழ்ச்சி நிரலின் அட்டைப் படத்திலேயே கண்ணாக இருந்தாள். திரும்பவே இல்லை.

அவன் சுந்தரராஜனைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"பார்த்தீங்களா சார்? மன்னிப்புக் கேட்டா பதில்கூடச் சொல்லல. அவ்வளவு கடுப்பு!"

சுந்தரராஜன் தம் கையிலிருந்த நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டையில் பழைய இத்தாலிய ஓவியம். பூவையே உடுத்திய வசந்த தேவதை, கன்னம் புடைக்க ஊதும் காற்றுத் தேவன், மேலே கண்ணைக் கட்டிக்கொண்டு அம்பு விடும் ஒரு குழந்தை.

"இந்தப் பயல் நம்ம மன்மதன்தானே? கரும்பு வில்லைக் காணோம். கண்ணை வேற கட்டி விட்டிருக்காங்க."

"இவங்க புராணத்துல அப்படித்தான் சார். பேச்சை மாத்தாதீங்க."

"கண்ணைக் கட்டியும் அவன் குறி தப்பறதில்ல பாரு."

"சார்! இதென்ன கும்பகோணத்துக் கச்சேரியா?"

"அங்கே தாளம் போடலேன்னாதான் வித்வான் கோவிச்சுப்பார்."

"நீங்க நாலு மாசத்துல ஊருக்குப் போயிடுவீங்க. என் எக்ஸ்டென்ஷன் என்ன ஆகும்? உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், நிறுத்திடுங்க."

சுந்தரராஜன் மோதிரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதோ, மோதிரத்தைக் கழட்டியாச்சு. கச்சேரி முடிஞ்சதும் உன் புரொபசர்கிட்ட நானே போய், தப்பு என்னோடதுன்னு சொல்றேன். உன் கையெழுத்துக்காகப் பெருமாளையும் வேண்டிக்கறேன். ஆனா கையை நிறுத்த மாட்டேன்."

"வெளியே தள்ளிடுவாங்க சார்!"

"தள்ளட்டும். அதுவரைக்கும் போடுவேன்."

"ஒரு காரணமாவது சொல்லுங்களேன்."

"காரணம் என்னோடது இல்லப்பா. அதை நான் சொல்லக்கூடாது."

பிடிவாதத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அசோகன் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கச்சேரி மறுபடியும் தொடங்கியது. வயலின் குருவியாகக் கூவியபோது சுந்தரராஜனின் விரல் நுனிகள் மரத்தில் படபடத்தன. ஓடையாக ஓடியபோது விரல்கள் வழுக்கிக்கொண்டு போயின. இடி இடித்தபோது உள்ளங்கையே விழுந்தது. 'தொப்'பென்ற அந்தச் சத்தத்துக்கு நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் மட்டும் கைப்பிடியைப் பற்றியபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

ஒரு பகுதி முடிந்து வாத்தியங்கள் ஓய்ந்த இடைவெளியில் காவலர் வந்து நின்றார். வாசலைக் காட்டினார்.

சுந்தரராஜன் எழுந்தார். தலை நிமிர்ந்தே இருந்தது. அவரைத் தனியாக அனுப்ப மனம் வராமல் அசோகனும் எழுந்தான். புரொபசரின் பார்வை முதுகில் குத்துவதை உணர்ந்தான். கையெழுத்து அவ்வளவுதான்.

அந்த அம்மாள் சட்டென்று சுந்தரராஜனின் கோட்டைப் பிடித்தாள். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, நிரலின் அட்டையில் கண்ணைக் கட்டிய குழந்தைக்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தில் ஏதோ கிறுக்கிக் காவலரிடம் நீட்டினாள்.

காவலர் படித்தார். தொப்பியைக் கழற்றினார். பின்னாலிருந்து எட்டிப் படித்த புரொபசர், அசோகனின் தோளை மெல்ல அழுத்தி அவனை உட்கார வைத்தார்.

ஒன்றும் புரியாமல் அசோகன் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தான்.

'போரில் குண்டு விழுந்த நாளிலிருந்து எனக்குக் காது கேட்காது. என் கணவர் வாசித்த மேடை என்பதால், வயலின் வில்கள் அசைவதைப் பார்க்க மட்டும் வருஷா வருஷம் வருகிறேன். இன்றுதான் இந்தக் கைப்பிடி வழியாகக் கேட்டேன். தயவுசெய்து, அந்தக் கையை நிறுத்தச் சொல்லாதீர்கள்.'