குளத்தில் போட்ட நாற்காலி

வரைபடத்தில் குளமே இல்லை, வெறும் மனைதான் என்றார் கரையில் நின்ற அதிகாரி. அவர் கையெழுத்திட்டால் குளத்தை மூட மண் லாரிகள் வந்துவிடும். இரண்டு கோடை தூர்வாரிய செண்பகவல்லி கோபப்படவில்லை. இரும்பு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"மனைதானே சார்? நடுவுல போய் உக்காந்து எழுதுங்க."

சொன்ன சொல்லை விடாத மனிதர், இறங்கி உட்கார்ந்தார். தண்ணீர் கழுத்தைத் தொட்டது. விரால் ஒன்று அவர் சட்டைப்பையை முகர்ந்துவிட்டுப் போனது. கையெழுத்திட வேண்டிய கோப்பைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "தரை லேசா ஈரமா இருக்கும்மா, அவ்வளவுதான்" என்றார்.

செண்பகவல்லி இன்னொரு நாற்காலியோடு இறங்கி அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அவசரமில்ல சார். ஐப்பசி மழை வரட்டும், எவ்வளவு ஈரம்னு சேந்தே பாப்போம்."