கேட்டதுக்கெல்லாம் சரி

மாமியார் வீட்டு ஹாலில், புது லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். தையற்கடைக்குப் புது டிசைன் பார்க்க மாமியார் ஆசையாக வாங்கியது அது. அதில் சிஸ்டம் ஏற்றித் தருகிற பெரிய மனசு மாப்பிள்ளையுடையது.

"இருக்கிற இடத்தைச் சொல்லட்டுமான்னு கேக்குது பாருங்க அத்தை. வேண்டாம்! மைக்கைத் திறக்கட்டுமா? வேண்டாம்! தொலைஞ்சா கண்டுபிடிச்சுத் தரட்டுமா? ஒண்ணும் வேண்டாம்! நம்ம வீட்டு விஷயம் இவனுக்கு எதுக்கு? எல்லாம் களவாணிப் பசங்க."

கேள்விகளும் லேசுப்பட்டவை அல்ல. 'சரி' தாம்பாளம் அளவுக்குப் பளபளத்தது. 'வேண்டாம்' மூலையில் எறும்பு மாதிரி ஒளிந்திருந்தது. மாப்பிள்ளை விடுவாரா? தேடித் தேடி அழுத்தினார்.

"உங்க சாமர்த்தியம் யாருக்கு வரும் மாப்பிள்ளை!" என்று உருகினார் மாமியார்.

அப்போது இளைய மகள் ஹாஸ்டலிலிருந்து கூப்பிட்டாள்.

"ஃபீஸை நினைச்சுக் கவலைப்படாதடி. என் வளையலெல்லாம் பழைய தையல் மெஷின் பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு. உன் படிப்புக்குத்தான்" என்று ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார் மாமியார். நல்லவேளை, மாப்பிள்ளை மைக்கை மூடியிருந்தார்.

அடுத்த வாரம் மாமியார் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்த் திரும்பினால், கதவு உடைந்து கிடந்தது. பெட்டியில் இருந்த வளையல்களைக் காணோம். மேஜையில் இருந்த லேப்டாப்பையும் காணோம்.

"என் பொண்ணு படிப்பே போச்சே!" தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து பார்த்தார். "பீரோவைத் தொடவே இல்ல. நேரா மெஷின் பெட்டிக்குப் போயிருக்கான். அங்க இருக்குன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

மாப்பிள்ளைக்குப் பொறி தட்டியது. "அத்தை, நான் போனப்புறம் லேப்டாப்புல எதையாவது அழுத்தினீங்களா?"

மாமியார் கையைப் பிசைந்தார். "மறுநாளே அது திரும்பவும் கேட்டுச்சு மாப்பிள்ளை. அதுக்கு மறுநாளும் கேட்டுச்சு. அவ்வளவு தன்மையா கேக்கும்போது மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படி இல்லைங்கிறது? கேட்டதுக்கெல்லாம் சரின்னு அழுத்திட்டேன்."

"போச்சு! மைக்குக்குமா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! அதான் மேடம், பேசினதெல்லாம் கேட்டுட்டு வந்துட்டான். திருடனை இவங்களே வெத்தலை பாக்கு வெச்சு அழைச்சிருக்காங்க!"

மாமியார் கேவிக் கேவி அழுதார். மகளிடம் எந்த முகத்தோடு சொல்வது?

இன்ஸ்பெக்டர் அம்மாள் மட்டும் நிதானமாகக் கேட்டார். "தொலைஞ்சா கண்டுபிடிச்சுத் தரட்டுமான்னு கேட்டதுக்கு?"

"அதுக்கும் சரிதான் மேடம். உபகாரம் பண்றேன்னு வர்றவங்களை எப்படி வேண்டாங்கிறது?"

இன்ஸ்பெக்டர் அம்மாள் மாமியாரின் செல்போனை வாங்கி எதையெதையோ தட்டினார். திரையில் ஒரு மேப் விரிந்தது.

"லேப்டாப்பை இன்னைக்குக் காலையில யாரோ திறந்திருக்காங்க. தண்ணித்தொட்டித் தெரு, கடைசி வீடு. அங்க யாரும்மா இருக்காங்க?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயே, அது நம்ம மாப்பிள்ளை வீடாச்சே!"

இன்ஸ்பெக்டர் அம்மாள் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, வெகு தன்மையாகச் சொன்னார்: "உங்க வீட்டைச் சோதனை போடணும் மாப்பிள்ளை சார். இதுக்கு 'வேண்டாம்' பட்டன் கிடையாது."