தக்காளித் தொட்டியின் குரல்

மாசி வெயில் ஏறத் தொடங்கியும், ரோஸ்லினின் மாடித்தோட்டத்தில் தக்காளியும் கத்தரியும் ஒவ்வொன்றாக வேரழுகிச் செத்துக்கொண்டிருந்தன. சாணத்துக்கும் பஞ்சகவ்யத்துக்கும் அவள் குறை வைக்கவில்லை. தண்ணீர்தான் கூடிப்போயிற்று.

செடிக்கு வேண்டியதை ஒவ்வொரு தொட்டியிலும் செருகிய சென்சார் வாய்விட்டுச் சொல்லிவிடும். யார் குரலில் வேண்டுமானாலும் சொல்லும். போன வருஷம் இறந்த கணவர் தேவசகாயத்தின் குரலை மகள் ஜெபா ஆசையாக எல்லாவற்றிலும் ஏற்றிக் கொடுத்திருந்தாள்.

“கொஞ்சம் தண்ணி தா, ரோஸி.”

முதல் நாள் அதைக் கேட்டதும் ரோஸ்லின் குடத்தோடு ஓடினாள். அன்றிலிருந்து அது கேட்பதற்கு முன்பே ஊற்றிவிடுகிறாள்.

இன்றும் தக்காளித் தொட்டி நிரம்பி வழிந்தது. “போதும் ரோஸி, போதும்,” என்றது குரல். அவள் நிறுத்தவில்லை.

ஜெபா வந்து குடத்தைப் பிடித்தாள். “அப்பாவே போதும்னு சொல்லுதாவல்லா, விடும்மா.”

“ஆஸ்பத்திரியில மூணு நாளு இதே மாதிரி தண்ணி கேட்டாவ. ஒரு சொட்டு குடுக்கப்பிடாதுன்னு டாக்டர் சொன்னாரு. நானும் குடுக்கல்ல. போதும்னு அவிய சொல்லி நான் கேக்கவே இல்லையே, மக்களே.”

ஜெபாவின் கை குடத்திலிருந்து நழுவியது. ரோஸ்லின் அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள். அது இன்னும் போதும் என்று சொல்லவில்லை.