கைடு இல்லாத மூன்று வாரங்கள்

மேசைமேல் இரண்டு திட்டங்கள் கிடந்தன.

ஒன்று வழவழப்பான புத்தகம். எட்டு நாள், ஏசி பஸ், நாற்பது பேர், கூடவே கைடு. ஓய்வுபெற்றவர்கள் குடியேறத் தோதான ஊர்களைச் சுற்றிக்காட்டிப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள்.

மற்றது ஒற்றைத் தாள். விமான டிக்கெட், கடலோர ஊர் ஒன்றில் மூன்று வாரத்துக்கு வாடகை வீடு. அதற்குமேல் அவரவர் பாடு.

"தனியாத்தான்மா போகணும். குடியிருக்கப் போற ஊரை பஸ் ஜன்னல் வழியா பாத்தா ஆச்சா? பொண்ணு பாக்கப் போயிட்டு போட்டோவை வாங்கிட்டு வர்ற மாதிரி" என்றார் அவர், டிராவல்ஸ் பெண்ணிடம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவிக்குச் சுருக்கென்றது.

"நேர்ல நல்லாப் பாத்துத்தானே கட்டினாரு? அது என்ன வாழ்ந்துச்சுன்னு கேளும்மா."

டிராவல்ஸ் பெண்ணுக்குச் சின்ன வயது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டாள்.

மனைவிக்கு உள்ளே இருந்தது பயம். வாய்க்கு வரும்போது அது கோபமாகிவிடும். வீட்டை விற்றுவிட்டு மிச்சக் காலத்தை வெளிநாட்டில் கழிப்பது என்று முடிவாகியிருந்தது. அவளுடைய இளைப்புக்குக் கடல் காற்று நல்லது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதுவரை அவளுக்கும் சம்மதம். ஆனால் மூன்று வாரம், ஒரே கூரையின் கீழ், இந்த மனிதரோடு மட்டும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டிலாவது அக்கம்பக்கம் உண்டு, டிவி உண்டு, பூனை உண்டு.

பஸ்ஸில் நாற்பது பேர் இருப்பார்கள். கைடு இருப்பான்.

"டூர்ல நல்லதை மட்டும்தான் காட்டுவாங்க சார்" என்று அந்தப் பெண் நியாயமாகவே சொன்னாள். "தனியா போனா கடை, ஆஸ்பத்திரி, மழை பெஞ்சா தெரு எப்படி இருக்கும்னு எல்லாம் தெரியும். ஆனா வழி கண்டுபிடிக்கிறது உங்க பொறுப்பு."

"நான் சர்வேயரா இருந்தவன்மா. ஊரையே அளந்திருக்கேன்."

"ஊரை அளந்த மனுஷனுக்கு வீட்ல சர்க்கரை டப்பா எங்க இருக்குன்னு தெரியுமான்னு கேளு."

"யாரைக் கேட்டுத் தெரிஞ்சுக்கறதும்மா?" என்றார் அவர்.

"அந்த வீட்ல கிச்சன் இருக்கு மேடம். பாத்திரம், அடுப்பு எல்லாமே இருக்கு" என்று அந்தப் பெண் நடுவில் புகுந்தாள்.

"பாத்தியா? இதுக்குத்தான் தனியா. சம்பளம் இல்லாத சமையல்காரிக்கு டிக்கெட் எடுக்கறாரு."

"சார், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்த ஊர்ல நம்ம ஆளுங்க ஒருத்தர்கூட இல்ல. நம்ம பாஷை பேசவே ஆள் கிடைக்காது. வேற ஊர் வேணா பாக்கட்டுமா?"

"இல்லாத ஊராப் பாத்துத்தான்மா எடுத்தேன்."

"மனுஷ வாடையே ஆகாது" என்றாள் மனைவி.

அந்தப் பெண் பிரிண்ட் எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

சண்டை, மூடிய குழாய்போல நின்றது.

அவர் கூரையைப் பார்த்தார். அவள் காலண்டரைப் பார்த்தாள். மின்விசிறி மட்டும் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்கு இருமல் வந்தது. விடாமல் வந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை மேசையின் பாதிவரை நகர்த்தி வைத்தார். அதற்குமேல் நகர்த்தவில்லை. அவளும் எடுக்கவில்லை.

அந்தப் பெண் தாளோடு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எட்டு நாள் போதும்னு சொல்லும்மா இவர்கிட்ட" என்று மனைவி விட்ட இடத்திலிருந்து பிடித்தாள்.

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நடுவில் நின்ற பாட்டிலைப் பார்த்தாள்.

"சார் பக்கத்துலதானே மேடம் இருக்காரு?"

மனைவி காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணவன் மனைவிக்குள் பேச்சு நின்று வருடக்கணக்காகிறது. காரணம் இருவருக்குமே நன்றாக நினைவிருந்தது. ஆளுக்கு ஒரு காரணம். "அப்பாகிட்டச் சொல்லு", "அம்மாகிட்டச் சொல்லு" என்று இரண்டு பக்கத்துக்கும் மகள்தான் தபால் சுமந்தாள். அவள் கல்யாணமாகிப் போனதும் அந்த வேலை பூனைக்கு வந்தது. "சாப்பாடு ஆறுதுன்னு போய்ச் சொல்லு" என்றால் பூனை அசையாது. அவர் எழுந்து வருவார்.

அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தமாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"தனியா போனா நடுவுல யாருமே இருக்க மாட்டாங்க மேடம். நீங்க ரெண்டு பேர் மட்டும்தான்."

"அதனாலதான் வேணாங்கறேன்."

அவர் மேசை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டிருந்தார்.

"அதனாலதான்மா போகணுங்கறேன்."

மின்விசிறிச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டது. மனைவிக்கு முழுசாகக் கேட்டது.

டிராவல்ஸ் பெண் புத்தகத்தையும் தாளையும் அவர்கள் பக்கமாகத் தள்ளினாள். "நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். எழுந்த வேகத்தில் அவளுடைய நாற்காலி சுழன்றது.

மனைவி அந்தக் காலி நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது மெதுவாகி, நின்றது.

"மூணு வாரமும் என்னால சமைச்சுக் கொட்ட முடியாது."

யாரிடம் சொல்கிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

அறையில் வேறு யாரும் இல்லை.